நீலம் இல்லை என்று எழுதிய மரம்

இப்போது ஒரு நிழல் மரத்தைச் சாய்க்க அரை மணித்தியாலம் போதும். மோட்டார் வாளை முடுக்குகிறார்கள், மரம் விழுகிறது, அடிக்கட்டையில் ஏதோ மருந்தைப் பூசிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறார்கள். போன மாதம் எங்கள் தோட்டத்து இளம் உத்தியோகத்தர்கள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: “ஐயா, ஒங்க காலத்துல மரத்தோட பட்டைய உரிச்சுட்டு ஒன்றர வருஷம் அப்புடியே நிக்க விட்டீங்களாமே, அது என்னாத்துக்குங்க? மரம் ஒங்களுக்கு என்னா பாவம் செஞ்சுச்சு?”

கேலிதான். ஆனாலும் நல்ல கேள்வி. வேரில் உள்ள சத்து தீரட்டும் என்று விட்டோம், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று இரண்டு வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. முப்பத்தெட்டு வருஷம் இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே தேயிலை மலைகளில் ஏறி இறங்கியவன், அந்த இரண்டு வரிக்குள் என்னென்ன கிடக்கிறது என்று சொல்லாமல் விட்டது சரியில்லை. அதற்குள் நான் செய்த ஒரு பிழையும் கிடக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனை பாஸ் பண்ணியதும் தோட்டத்தில் சின்னக் கண்டாக்காக எடுத்தார்கள். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைகளுக்குப் பிரித்து அனுப்புவதும், பிறகு அவர்கள் பின்னால் நடந்து வேலையைப் பார்ப்பதும்தான் கண்டாக்கின் வேலை. முதல் மூன்று வருஷத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவை இரண்டுதான்: அட்டை கடித்தால் சத்தம் போடாமல் இருப்பது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களிடம் வாய் கொடுக்காமல் இருப்பது.

ஒரு செடியைப் பார்த்து முதன்முதலில் நான் வாயடைத்து நின்றது கவ்வாத்து மலையில். சில வருஷத்துக்கு ஒருமுறை தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதைத்தான் கவ்வாத்து என்கிறோம். வெட்டி முடித்த அன்று ஏழாம் நம்பர் மலையின் மேல் ரோட்டில் நின்று கீழே பார்த்தேன். முந்தின வாரம் பச்சையாக இருந்த மலை முழுக்கக் கறுத்த முண்டுகளாக நின்றது. ஒரு இலை இல்லை. செடிக்குச் சாப்பாடு சமைப்பதே இலைதானே, இலை முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டால் இது எதைத் தின்று பிழைக்கும் என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு முண்டிலும் பட்டையைப் பிளந்துகொண்டு சிவந்த முளைகள். மேலே ஒன்றுமே இல்லாத காலத்தில், வேரில் ஒளித்து வைத்திருந்த மாப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட்டு அந்தச் செடி உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. யாரும் தொடாமல் விட்டால் மூன்று ஆள் உயரத்துக்கும் மேலே மரமாக வளரக்கூடிய ஒரு செடி, நாம் வெட்ட வெட்ட இடுப்பளவில் நின்று நூறு வருஷம் பிழைக்கிறதென்றால் அதன் இரகசியம் முழுக்க மண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது.

வேரைத் திறந்து பார்க்காமல் எந்த மலையிலும் கத்தி வைக்க விடாதவர் எங்கள் பெரிய கண்டாக்கு கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்து மனிதர். முழுக்கைச் சட்டை, மேல் பொத்தான் வரை பூட்டியிருக்கும். மழையோ சேறோ, அந்தக் கையை மடித்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். அதற்குள் அயடின். ஆட்கள் அவருக்கு வைத்த பேர் ‘மருந்துக் குப்பி’. நானும் அப்படித்தான் சொல்லிச் சிரிப்பேன்.

அயடின் வாங்குவதற்கு என்னைத்தான் டவுனுக்கு அனுப்புவார். பார்மசி நானா ஒவ்வொரு முறையும் கேட்பார்: “என்னங்க கண்டாக்கய்யா, மாசா மாசம் இவ்வளவு வாங்குறீங்க. ஒங்க தோட்டத்துல வேல செய்றாங்களா, வெட்டிக்கிறாங்களா?” வேருக்கு மருந்து என்று சொன்னால் நம்பமாட்டார். வேர் தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லுமா என்று திருப்பிக் கேட்பார்.

சோதனை இப்படி நடக்கும். ஒரு மலையில் மேடு, பள்ளம், மழைத்தண்ணி ஓடும் கான் ஓரம், பாறை ஓரம் என்று அங்கங்கே செடிகளை அவர் குச்சியால் காட்டுவார். நான் தூரில் மண்ணைத் தள்ளி ஒரு வேரை எடுக்கவேண்டும். “நுனி வேர் வேண்டாம். தாய் வேரும் வேண்டாம். பென்சில் மொத்தத்திலை ஒண்டு எடும்.” எடுத்துக் கொடுத்தால் வாங்கமாட்டார். “கழுவினீரோ?” கழுவியிருப்பேன். “திருப்பிக் கழுவும். மண்ணும் கறுப்பு, நாங்கள் பாக்கப்போறதும் கறுப்பு. பிறகு எதைப் பாத்தனான் எண்டு எனக்கே தெரியாமல் போகும்.” கழுவிய வேரைச் சவர பிளேடால் ஒரே இழுப்பில் குறுக்கே வெட்டுவார். வெட்டிய முகத்தில் குப்பியிலிருந்து ஒரு சொட்டு. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாது.

வெளிறிய வேர் முதலில் மஞ்சளாகும். பிறகு உள்ளிருந்து நீலம் கிளம்பும். வட்டம் வட்டமாக, ரேகை ரேகையாக, கருநீலமாகி வெட்டுமுகம் முழுவதும் பரவும். மாப்பொருள் எங்கே எல்லாம் இருக்கிறதோ அங்கே எல்லாம் அந்த நீலம் ஏறும். நிறைய நீலம் வந்தால் கவ்வாத்து வெட்டலாம், செடி பிழைக்கும். மஞ்சளாகவே நின்றால் அந்த மலையைத் தொடக்கூடாது. ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பேன். ஒருமுறைகூட அலுத்ததில்லை. வெளியே அழுக்கு நாராகத் தெரிகிற ஒன்று, தன் சேமிப்பு எவ்வளவு என்று நம் கண்முன்னால் சொல்கிறது என்றால் அது சின்ன விஷயமா?

கனகசபை ஐயா சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. ஏதோ வேலையாக இருவரும் பட்டிப்பொல பக்கம் போயிருந்தோம். ஸ்டேஷனுக்கு அப்பால் ஈரமான புல்வெளியில் அவர் திடீரென்று குந்தினார். விரல் நகமளவு சிவப்புச் செடி ஒன்று, இலை நுனி எல்லாம் பசைத்துளி. அதில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு துடித்தது. இலை மெதுவாக அதன் மேல் மடங்கிக்கொண்டிருந்தது. “மண்ணிலை சத்தில்லை. ஆனபடியால் வேட்டைக்கு வெளிக்கிட்டிட்டுது, பாத்தீரே!” என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். ரயில் வரும்வரை அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அந்த நாளுக்குப் பிறகு நான் அவரை மருந்துக் குப்பி என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

இனிப் பட்டை உரித்த கதைக்கு வருகிறேன்.

தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நிற்கும், நாங்கள் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரங்கள் வயதாகிவிட்டால் வெட்டவேண்டும். உடனே வெட்டக்கூடாது. முதலில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிவர உரிப்போம். உரித்த இடத்தில் வழுவழுவென்று ஒரு படலம் இருக்கும், அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுப்போம். தண்ணீர் மரத்தின் நடுக்கட்டை வழியாக மேலே போகிறது. இலை சமைத்த சாப்பாடு பட்டை வழியாகக் கீழே வருகிறது. பட்டையை அறுத்துவிட்டால் மேலே தண்ணீர் போகும், கீழே சாப்பாடு வராது. வேர் தன் சேமிப்பைத் தின்றுகொண்டே ஒன்றரை வருஷம் வரை மரத்துக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கும். ஒரு வாய் சாப்பாடு திரும்பி வராமலே இறைக்கும். எனக்கு அது நினைக்க நினைக்கப் பொறுக்கமுடியாத அதிசயம். மேலே இலை வழக்கம்போலப் பச்சையாக, அடிப்பக்கம் வெள்ளி மினுங்க ஆடிக்கொண்டிருக்கும். சில மரங்கள் அந்த வருஷம் வழக்கத்தைவிட அதிகமாகப் பூக்கும். சாகப்போகிற மரத்தில் உச்சி முழுக்கச் செம்மஞ்சள் பூ, தேன் குடிக்கக் குருவிக் கூட்டம்.

மரம் சும்மா சாவதில்லை. உரித்த வளையத்துக்குக் கீழே புதிதாக முளை விடும். அந்த முளையின் நாலு இலை சமைப்பது நேரே வேருக்குப் போகும். அதனால் மாதம் ஒருமுறை சுற்றிப் பார்த்து முளையை ஒடிக்கவேண்டும். இன்னொரு தந்திரம் இருக்கிறது. சுரண்டியபோது நூலளவு படலம் எங்காவது தப்பியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு மரம் மேல்பட்டைக்கும் கீழ்பட்டைக்கும் நடுவே ஒரு பாலம் கட்டிவிடும். இரண்டு விரல் அகலப் பாலம் போதும், மறுபடி சாப்பாடு இறங்கத் தொடங்கும். அதையும் தேடி வெட்டவேண்டும். வேரில் அயடின் போட்டு நீலம் வரவில்லை என்றால்தான் வாளை வைக்கலாம். எல்லா மரத்துக்கும் நம்பர் உண்டு, எல்லாம் மரப் புத்தகத்தில் ஏறும்: உரித்த திகதி, முளை ஒடித்த திகதி, கடைசியில் ‘நீலம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து.

இவ்வளவு மெனக்கெடுவது ஒரு பூஞ்சணத்துக்குப் பயந்து. கரிநோய் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பச்சை மரத்தை வெட்டினால் அடிக்கட்டையின் வெட்டுமுகத்தில் காற்றில் வரும் கண்ணுக்குத் தெரியாத தூள் விழுகிறது. வேர் நிறைய மாப்பொருள் இருக்கிறதல்லவா, அதற்கு விருந்து. கட்டையைத் தின்று வேருக்கு இறங்கும். மரவேர் எங்கே தேயிலை வேரைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அங்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஏறும். பிறகு செடியிலிருந்து அடுத்த செடிக்கு. நோய் பிடித்த வேரின் பட்டையைத் தூக்கினால் அடியில் விசிறி விரித்தது மாதிரி வெள்ளைப் படலம் இருக்கும். வேரைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பேனாவால் கீறியது போலக் கறுப்புக் கோடுகள். அந்தக் கோடு அது தனக்குக் கட்டிக்கொள்ளும் மதில். மதிலுக்குள் ஈரம் காயாது, வேறு பூஞ்சணம் உள்ளே வராது. காலும் கண்ணும் இல்லாத ஒன்று, வேலி போட்டுக்கொண்டு, இருட்டில், வருஷத்துக்கு ஓரிரண்டு செடி என்று அவசரமில்லாமல் நடக்கிறது. எதிரிதான். ஆனாலும் அதை நினைத்தால் எனக்கு ஒரு மரியாதை வரத்தான் செய்கிறது.

நான் செய்த பிழை இதுதான்.

ஆடி மாதத்து அடைமழையில் ஒருநாள் காலை மாரியாயி அக்கா இறந்துபோனார். கீழ் லயத்துக் கொழுந்துக்காரி, அறுபதுகூட ஆகவில்லை. எங்கள் தோட்டத்தில் தொழிலாளி இறந்தால் சவப்பெட்டிக்குப் பலகை தோட்டம் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு ஸ்டோரில் பலகை இல்லை. இருந்ததெல்லாம் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் கூரைக்குப் போய்விட்டது. டவுனில் வாங்கலாம் என்றால் மண்சரிந்து ரோட்டை மூடியிருந்தது. கனகசபை ஐயா கண் காட்டுவதற்குக் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். மாரியாயி அக்காவின் தம்பி ஆபீஸ் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்.

“பொழுதுக்குள்ள எடுக்கணுங்கய்யா. பாயில சுத்தியா கொண்டுபோறது? முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க.”

ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். பட்டை உரித்த மரங்கள் எட்டு நின்றன. அறுத்து இறக்க வசதியாக ரோட்டோரம் நின்றது பதினாலாம் நம்பர். உரித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சரிவுப் பக்கம் குனிந்து பார்த்தேன். இரண்டு விரல் அகலத்தில் ஒரு பாலம். மரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று அதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வேரை வெட்டி அயடின் போட்டிருந்தால் மை கொட்டியது போல நீலம் வந்திருக்கும். வந்தால் வெட்டமுடியாது. அதனால்தான் நான் போடவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு வாளை வைக்கச் சொன்னேன்.

மரத்தை வெட்டியதற்கு இன்றும் எனக்கு வருத்தமில்லை. இறந்த மனுஷிக்கு ஒரு பெட்டி வேண்டும். பச்சை மரத்தை வெட்ட நேர்ந்தால் அதற்கும் ஒரு வழி இருந்தது. அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுத்து எரிக்கவேண்டும், நாலு ஆளுக்கு இரண்டு நாள் வேலை. அப்படிச் செய்தால் ஏன் தோண்டினோம் என்று புத்தகத்தில் எழுதவேண்டும், கனகசபை ஐயா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து, கட்டையின் மேல் மண்ணை மூடிவிட்டுப் புத்தகத்தில் ‘நீலம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த கிழமை அவர் வந்தார். புத்தகத்தைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்தார். மற்ற யார் எழுதியிருந்தாலும் தானே போய் இன்னொரு வேரை எடுத்துப் பார்க்கிற மனிதர்.

“எட்டு மாசத்திலையே நீலம் வரேல்லையோ?”

“வரலைங்கய்யா.”

“நீர் பாத்தனீர் எண்டால் சரி” என்று பக்கத்தைத் திருப்பினார்.

கேட்டுத் திட்டியிருந்தால் அன்றே உண்மையைச் சொல்லியிருப்பேன். நம்பிவிட்டார். அதற்குப் பிறகு வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சில வருஷத்தில் அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய், அங்கேயே காலமாகிவிட்டார்.

பதினாறு வருஷம் போனது. நான் பெரிய கண்டாக்கானேன். நான் கையெழுத்துப் போட்டால் வேரே பேசின மாதிரி என்று தொரை விருந்தாளிகளிடம் சொல்வார். தோட்டத்தை நடத்தும் மெனேஜரைத்தான் தொரை என்கிறோம். இதற்கிடையில் வேலை முறை மாறியது. மலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு குடும்பத்திடமும் கொடுத்து, நீங்களே பராமரித்துக் கொழுந்தெடுத்துக் கொடுங்கள் என்றார்கள். ஏழாம் நம்பர் மலையின் ரோட்டோரத் துண்டு மாரியாயி அக்காவின் மகள் புஷ்பராணிக்குக் கிடைத்தது. புருஷன் இல்லை, ஓ.எல். படிக்கும் மகள் ஒருத்தி. அந்தத் துண்டுதான் அவர்களுக்குச் சோறு.

நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது தொரை என்னை அந்தத் துண்டுக்குக் கூட்டிப்போனார். நடுவில் பத்துத் தப்படி அகலத்துக்கு வட்டமாகத் தேயிலை செத்துப்போயிருந்தது. வட்டத்தின் ஓரத்துச் செடிகளில் இலை காய்ந்து உதிராமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. வட்டத்துக்குள்ளே புஷ்பராணி கோவாவும் போஞ்சியும் போட்டிருந்தாள். இரண்டும் செழித்து நின்றன.

“பாத்தீங்களா கண்டாக்கய்யா? மரக்கறி போட எடம் வேணும்னு தேயிலைக்கு எதையோ ஊத்தி சாகடிச்சிருக்கு. தோட்டத்தையே தின்னுட்டாங்க” என்றார் தொரை. அவருக்குத் தாய்மொழி சிங்களம், எங்களோடு எங்கள் தமிழே பேசுவார். “துண்ட திருப்பி எடுக்கணும். வேற துண்டும் குடுக்கமாட்டேன்.”

புஷ்பராணி கானுக்கு அந்தப் பக்கம் நின்றாள். “ஐயா, மூணு தடவ புதுக் கன்னு வச்சேங்கய்யா. மூணு தடவயும் செத்துப்போச்சு. சும்மா கெடக்குற மண்ணுதானேன்னு நாலு கோவா போட்டேன். நா எதயும் ஊத்தலைங்கய்யா. எங்கம்மா மேல சத்தியமா ஊத்தல.”

கன்று மூன்று முறை செத்தது என்றதுமே நான் வட்டத்தின் ஓரத்துக்கு இறங்கினேன். ஓரத்துச் செடி ஒன்றைப் பிடுங்கிக் கழுவினேன். பட்டையைத் தூக்கினேன், வெள்ளை விசிறி. வெட்டினேன், கறுப்புக் கோடு. அப்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தாலும் கோவாப் பாத்திக்குள் மண்வெட்டியைப் போட்டேன். பதினாறு வருஷ மழையில் மேலிருந்து இறங்கிய மண்ணுக்கு அடியில், இரண்டடி ஆழத்தில் கட்டை வந்தது. மேலெல்லாம் கரி மாதிரி மொறுமொறுவென்று கறுத்த தோல். அதற்குக் கீழே சுற்றிவர உரித்த வளையத்தின் பள்ளம், சரிவுப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் பள்ளமில்லை. மரம் தன்னைக் காப்பாற்றக் கட்டிய அந்தப் பாலத்தின் தடம் பதினாறு வருஷமாக அங்கேயே இருந்தது. எந்தப் பூஞ்சணத்தைப் பற்றி ஆட்களுக்கு விரிவுரை நடத்தினேனோ, அது நான் எழுதிய பொய்க்குக் கீழே இருந்துகொண்டு, வருஷத்துக்கு ஓரிரண்டு செடியாக, வட்டம் பிசகாமல் நடந்து வந்திருக்கிறது. மண்ணில் முழங்காலிட்டபடியே இருந்தேன். வெட்கமாகவும் இருந்தது, அந்த வட்டத்தின் ஒழுங்கைப் பார்க்கப் பிரமிப்பாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ஆபீசில், இது நஞ்சு இல்லை, கரிநோய் என்று வேரைக் காட்டினேன். தொரை ஆள் கெட்டிக்காரர். மரப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார்.

“கரிநோய் சரி. ஆனா இந்தக் கட்டையில இருந்து எப்புடி வரும்? நீலம் இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப நோய் வெளியில இருந்துதான் வந்திருக்கணும். போஞ்சிக்கு நட்ட கம்பு எல்லாம் பழைய சவுக்குக் கட்ட. அதுலதான் கொண்டுவந்திருக்கு. எப்புடிப் பாத்தாலும் அவதான்.”

புஷ்பராணி கதவோரம் நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. அவளைக் குற்றவாளியாக்க அந்த மேசையில் இருந்த ஒரே சாட்சி என் கையெழுத்து. பேசாமல் இருந்தால் மூன்று மாதத்தில் மாலை போட்டு அனுப்புவார்கள், யாருக்கும் தெரியாது. பேசாமல் இருக்கலாமா என்று நான் யோசித்தேன். அதை மறைத்து நல்லவன் வேஷம் போட எனக்கு விருப்பமில்லை. ஒரு முழு நிமிஷமாவது யோசித்திருப்பேன்.

“சேர், அந்த வரி பொய்” என்றேன். “நா வேர வெட்டிப் பாக்கவே இல்ல. மரம் உசுரோட இருந்துச்சு, எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வெட்டுனேன். கட்டையையும் தோண்டல. மண்ணப் போட்டு மூடினது நாந்தான்.”

தொரை புத்தகத்தை மூடினார், திறந்தார். “ஏன்?”

“மாரியாயி அக்காவோட பெட்டிக்குப் பலகை இல்லைங்க, சேர்.”

கதவோரத்தில் புஷ்பராணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தொரை, துண்டு அவளிடமே இருக்கட்டும், செத்த செடிகளுக்குப் பதிலாக மேல் வரிசையில் அவளுக்கு இடம் கொடுங்கள் என்றார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார். முப்பத்தெட்டு வருஷத்து என் பைலில் அது ஒன்றுதான் இருக்கிறது. கனகசபை ஐயா உயிரோடு இருந்திருந்தால் அதன் பிரதி ஒன்றை அவருக்கும் அனுப்பியிருப்பேன்.

கட்டையைத் தோண்ட நாலு ஆள் போதும், ஆனாலும் நானும் இறங்கினேன். வட்டத்துச் செடிகளையும், அதைச் சுற்றி நல்லதாகத் தெரிந்த ஒரு வரிசையையும் சேர்த்துப் பிடுங்கவேண்டும். பென்சில் மொத்த வேர்கூட மண்ணில் இருக்கக்கூடாது. பிடுங்கிய இடத்தில் இரண்டு வருஷம் மானாப்புல் மட்டும்தான். புஷ்பராணி அறுந்த வேர்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும், மூன்று முறை கன்று வைத்தவள் அவள்தானே.

கட்டை வெளியே வந்ததும் அவள் கூடையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஐயா, அன்னைக்கி மரம் பச்சையாவா இருந்துச்சு?”

“ஆமாம்மா.”

“பலக?”

“பலகையும் பச்சதான். அறுக்கயில வாள் போன எடமெல்லாம் தண்ணி வடிஞ்சுச்சு. காய வைக்க நேரமில்ல.”

அவள் கட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “பெட்டி கனத்துச்சுங்கய்யா. ஆறு ஆம்பளைங்க தூக்கமுடியாம சுடுகாட்டு ரோட்டுல மூணு எடத்துல எறக்கி வச்சாங்க. எங்கம்மா ஒடம்புல என்னா இருந்துச்சு, எலும்பும் தோலும். அப்ப நா அம்மாகூட பேச்சில்லாம இருந்தேன், என் கல்யாண வெசயத்துல. ஏழு மாசம் ஒரு லயத்துல இருந்துக்கிட்டே மொகம் பாக்கல. மக மேல உள்ள ஆத்தாமையிலதான் பொணம் கனக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க மாமாவே சொன்னாரு.”

நான் அன்று சவத்தோடு போகவில்லை. இது எதுவும் எனக்குத் தெரியாது.

புஷ்பராணி குனிந்து கட்டையிலிருந்து ஒரு துண்டை ஒடித்து எடுத்தாள். பூஞ்சணம் தின்று தீர்த்த மரம், கையில் இருப்பதே தெரியாது. அதை இரண்டு உள்ளங்கைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

“அப்ப தண்ணிதானாங்கய்யா?”

“தண்ணிதாம்மா” என்றேன்.